எதிராளியின் மூக்கு

சேஃப்டி வாரத்துக்கு வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லி உங்கள் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஹெல்மெட், கையுறை, முகமூடி பற்றிப் பேச உங்களிடமே ஆள் இருக்கிறார்கள். சுவரெல்லாம் படம் வேறு ஒட்டியிருக்கிறீர்கள். எனக்கு முட்டி வலி, மேடை ஏற முடியாது, எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். படிக்கிறவர் அவசரப்பட வேண்டாம். கேட்கிறவர்கள் டீ வருகிறவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போவது மூக்கைப் பற்றி. சிரிக்காதீர்கள். ஒரு ஆள் செத்தானா பிழைத்தானா என்கிற விஷயம் அதில் இருக்கிறது.

கடலூருக்குத் தெற்கே, குடிகாடு கிராமத்தை ஒட்டிய தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்து 2010-ல் ஓய்வு பெற்றவன் நான். கம்பெனி பெயர் வேண்டாம். வாரம் முழுக்கக் கடலூர் முதுநகரில் ஒரு வாடகை அறையில் கிடப்பேன். என் மனைவி சிதம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன், திங்கட்கிழமை விடியலில் திரும்புவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

கதவைத் திறந்ததும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை "வாங்க" இல்லை.

"அப்படியே நில்லுங்க. பின்பக்கமா போயி குளிச்சிட்டு உள்ள வாங்க. மேலெல்லாம் கம்பெனி நாத்தம்."

"என்னா நாத்தம்? டூட்டி முடிச்சு குளிச்சிட்டுத்தான பஸ் ஏறுனேன்?"

"உங்க மூக்கு செத்துப் போயி பல வருஷம் ஆச்சு. போங்க, போங்க."

எனக்கு எரிச்சலாக வரும். திங்கட்கிழமை போனதும் ஸ்டீபனைப் பிடிப்பேன். ஸ்டீபன் எங்கள் பராமரிப்புப் பிரிவின் ஃபோர்மேன், முதுநகர்க்காரன், என்னைவிட இளையவன். ஷிப்டில் எனக்கு நெருக்கமான ஆள் அவன் ஒருவன்தான். மத்தியானம் அவன் டிபன் பாக்ஸில் பாதி எனக்கு, என் ஓட்டல் பொட்டலத்தில் பாதி அவனுக்கு.

"ஸ்டீபன், என் மேல எதுனா வாசனை வருதா பாரு."

அவன் கிட்டே வந்து என் சட்டையை மோந்து பார்ப்பான். "இல்லியே சார். சோப்பு வாசனைதான் ஜாஸ்தியா இருக்குது."

அவன் வீட்டிலும் இதே சண்டை நடக்கும். அவன் என்னைக் கேட்பான், நானும் மோந்து பார்த்து ஒன்றுமில்லை என்பேன். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே டேங்க் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர், ஒருத்தன் மூக்குக்கு ஒருத்தன் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதில் கிடைத்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

இந்த நிம்மதிதான் எங்கள் கம்பெனியின் நடைமுறையாகவே இருந்தது. ஊரிலிருந்து நாற்றம் அடிக்கிறது என்று போன் வந்தால், ஷிப்ட் இன்சார்ஜ் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு காம்பவுண்டு ஓரமாக ஒரு சுற்று நடந்து மோந்து பார்த்துவிட்டு வர வேண்டும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் மோப்ப ரவுண்டு. நான் ஸ்டீபனைக் கூட்டிக்கொண்டு போவேன். கேட்டிலிருந்து கிளம்பும்போது எனக்கு ஏதோ லேசாக அடிப்பது போல இருக்கும்.

"வருதா ஸ்டீபன்?"

"லேசா வர்ற மாதிரி இருக்குது சார்."

"உப்பனாத்துச் சேறா இருக்கும்."

"ஆமா சார். தண்ணி வத்திக் கெடக்குல்ல."

இன்னும் பத்தடி நடந்தால் அது ஆற்றுச் சேறுதான் என்று எனக்கு உறுதியாகிவிடும். பின்பக்க வேலிக்குப் போவதற்குள் கருவாடும் சேர்ந்துகொள்ளும். அதற்கும் வழியில்லாத நாளில் பக்கத்துக் கம்பெனி இருக்கவே இருக்கிறது. முழுச் சுற்றும் முடித்துத் திரும்பும்போது கிளம்புகையில் எனக்கு அடித்தது என்பதே மறந்துபோயிருக்கும். பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் இப்படித்தான் இரண்டு இரண்டு பேராக நடந்தார்கள். அவர்களுக்கு அடித்ததெல்லாம் எங்கள் கம்பெனி நாற்றம். மொத்தத்தில் அந்தத் தொழிற்பேட்டையில் நாறாத கம்பெனி எது என்று கேட்டால் ஒவ்வொருவனும் தன் கம்பெனியைச் சொல்வான், மாதா மேல் சாமி மேல் சத்தியமும் செய்வான்.

போன் செய்கிற ஆள் பெரும்பாலும் ஒருவர்தான். கலியமூர்த்தி. எங்கள் பின்வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. தன் மச்சானுக்கு கான்ட்ராக்டில் ஒரு வேலை கேட்டுக் கம்பெனிக்கு நடையாய் நடந்தார்; கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மூக்கு ரொம்பக் கூர்மையாகிவிட்டது. அவர் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் எங்களுக்குத்தான் போன் வரும். பெஞ்சாதி சட்டியில் குழம்பைத் தீயவிட்டாலும் எங்கள் கணக்கில்தான் எழுதுவார். "வந்துட்டாருப்பா நம்ம ஊரு மூக்கு" என்று கேன்டீனில் சிரிப்போம். அவர் சொல்வதில் பாதி தப்பு என்று எங்களுக்குத் தெரியும். மீதிப் பாதியை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

இனி அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். 2006-ஓ 2007-ஓ, மே மாதம், கத்தரி வெயில். உற்பத்தியை நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்க்கிற வருஷாந்திர ஷட்டவுன் முடிகிற நேரம். இதை நான் பல வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிவந்தபடியே முதலில் சொல்கிறேன். அதில் எங்கே தப்பு என்பது பின்னால் வரும்.

கழிவுநீர் வந்து சேருகிற ஆழமான தொட்டி ஒன்று இருந்தது. அதன் அடியில் பம்ப் மாட்டிக்கொண்டுவிட்டது. ஒரு ஆள் ஏணியில் இறங்கிக் கொக்கியை மாட்டினால் மேலிருந்து சங்கிலியால் தூக்கிவிடலாம். மாட்டுகிறதுக்கு அதிக நேரம் ஆகாது. காலையில் மூடியைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. உங்களுக்குப் பாடம் எடுத்திருப்பார்கள்: அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும், அதிகமானால் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குகிறவன் ஏணியிலேயே சுருண்டு விழுவான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான். எங்களுக்கும் பாடம் எடுத்திருந்தார்கள்.

வாயுவை அளக்கிற மீட்டர் சரிபார்க்கச் சென்னைக்குப் போயிருந்தது. மீட்டர் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்பது விதி. ஆனால் ப்ளோயர் வைத்துக் காலையிலிருந்து காற்று அடித்திருந்தோம். தொட்டியைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றோம்.

"வருதாப்பா?"

"இல்ல சார்."

"சுத்தமா இல்லியா?"

"அது அப்பவே போயிடுச்சு சார்."

"எனக்கும் வரல."

ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிளான்ட் ஹெட்டுக்கு மறுநாள் உற்பத்தி தொடங்கியாக வேண்டும். பையன்களுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு சிதம்பரம் பஸ். ஸ்டீபனுக்கோ மறுநாள் காலை தன் மகளுக்குப் புது நன்மை, பிள்ளைகள் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். கோயிலில் திருப்பலி, அப்புறம் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு. பொண்ணுக்கு வெள்ளை கவுன் பாண்டிச்சேரியில் தைத்து வாங்கி வந்திருந்தான். ஒரு வாரமாக அதே பேச்சு. இறங்குகிறவன் அவன்தான். இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டிக்கொண்டு நின்றான்.

"நானே எறங்குறேன் சார். அஞ்சு நிமிச வேல. மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டு வூட்டுக்குப் போறேன், பந்தலு போட ஆளு வருவான்."

அனுமதிச் சீட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரம் கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஓடி வந்தான். கலியமூர்த்தி வந்து கத்திக்கொண்டிருக்கிறாராம், முட்டை நாற்றத்தில் வீட்டில் இருக்க முடியவில்லையாம்.

நான் கேட்டுக்குப் போனேன். போகும்போதே எனக்கு ஒரு யோசனை. இங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் நாற்றம் இல்லாமல் இருந்தால் நல்லது. நாற்றம் இருந்தால் நல்லது என்று நினைக்கிற ஆள் ஒருவர்தான், அவர் கேட்டில் நிற்கிறார். அவர் மூக்கைக் கொண்டுவந்து காட்டினால் என்ன? கலியமூர்த்தியிடம் பதமாகப் பேசி, தலையில் ஒரு ஹெல்மெட்டை வைத்து, உள்ளே அழைத்து வந்தேன். பாதி வழியிலேயே எனக்கு அடித்துவிட்டது. அவர் தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளியே துண்டால் மூக்கைப் பொத்தினார், குனிந்தார், வாந்தி எடுத்தார். ஸ்டீபன் நான் வருவதற்குள் ஏணியில் நாலைந்து படி இறங்கிவிட்டிருந்தான். பிளான்ட் ஹெட் இறங்கச் சொல்லியிருந்தார். "ஏறு மேல! ஏறுடா!" என்று கத்தினேன். ஏறி வந்தான். கையெழுத்துப் போட முடியாது என்று சீட்டைக் கிழித்தேன்.

இதுதான் நான் சொல்லிவந்த கதை. கேட்கிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அன்றைக்கு என்னைச் சுற்றி நின்றவர்கள் யாரும் அப்படி நிமிரவில்லை. "வெளியாள உள்ள கூட்டியாந்து, அதுவும் இந்த ஆள? நாளைக்கு ஊரு பூரா சொல்லுவான்யா" என்று பிளான்ட் ஹெட் பல்லைக் கடித்தார். பம்பை ஆள் இறங்காமல் எடுக்க வேண்டுமானால் மேல் சிலாப்பை உடைத்து கிரேன் வைக்க வேண்டும். அந்த வேலையை ஸ்டீபனைத் தவிர வேறு யாரும் நின்று பார்க்க முடியாது. அவன் மறுநாள் காலையில் ரெண்டு மணி நேரம் மட்டும் கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று கேட்டான். பிளான்ட் ஹெட் என் பக்கம் கையைக் காட்டினார். "அவரக் கேளு. அவர்தான் வேலைய இழுத்து வுட்டவரு." நான் ஸ்டீபனுக்குப் பதிலாக நிற்கிறேன் என்றேன், கெஞ்சிக்கூடப் பார்த்தேன். நடக்கவில்லை. மகளுடைய புது நன்மைக்கு ஸ்டீபன் போகவில்லை. திங்கட்கிழமைதான் பம்ப் மேலே வந்தது.

அதற்கு அடுத்த நாள் மீட்டர் வந்தது. தொட்டி அதற்குள் பாதி உடைபட்டு வெயிலில் திறந்து கிடந்தது. மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பூஜ்யம்.

"பாத்தீங்களா சார்?" என்றான் ஒரு பையன்.

இதற்குப் பிறகுதான் கேன்டீன் வேலை செய்யத் தொடங்கியது. முதல் வாரம், சாருக்குப் பயம் வந்துடுச்சு என்றார்கள். அடுத்த மாதம், ப்ளோயர் போட்ட பிறகு உள்ளே சுத்தமாகத்தான் இருந்தது என்றார்கள். மழைக்காலம் வருவதற்குள், காலையில் மூடி திறந்தபோதுகூட நாற்றம் அடிக்கவில்லை என்று ஆகிவிட்டது. மூடியைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே பையன் அதைச் சொன்னதை என் காதால் கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. தினமும் டீ குடிக்கும்போது ஆளுக்கு ஒரு வாய் சொல்லி, எல்லாரும் தலையாட்டி, அவனுக்கு அப்படித்தான் நடந்ததாக ஞாபகமே மாறிவிட்டது. கலியமூர்த்தி எனக்கு ஏதோ வகையில் வேண்டப்பட்டவர் என்றும் ஒரு பேச்சு.

ஸ்டீபன் என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. "சார்", "சரி சார்", "முடிச்சிட்டேன் சார்" என்பதோடு நின்றுவிட்டான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வொர்க்‌ஷாப் பக்கம் போய்விடுவான். நான் கேன்டீனின் கடைசி மேஜையில் உட்கார்ந்து என் பொட்டலத்தைப் பிரிப்பேன். பாதி வைத்துவிட்டுச் சாப்பிடுகிற பழக்கம் ரொம்ப நாள் போகவில்லை. மீதியை அப்படியே மடித்துக் குப்பையில் போடும்போது அழுகை முட்டிக்கொண்டு வரும். ஐம்பத்தைந்து வயசு ஆள் கேன்டீனில் அழுதால் நன்றாகவா இருக்கும்? கை கழுவுகிற இடத்துக்குப் போய் முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொள்வேன்.

ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஸ்டீபன் லீவ். சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தேன். இனிமேல் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை என்று என் மனைவி சிரித்தாள். அடுத்த வருஷமே அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. பையன் பெங்களூரிலிருந்து வந்து காரியம் முடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வீட்டில் நானும் அந்தக் கடிகாரமும்தான்.

போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன். யார் என்று நினைக்கிறீர்கள்? கலியமூர்த்தி.

"சார், இன்னிக்கு வருது சார். என்னாத்தயோ தொறந்து வுட்டானுங்க."

"நான் ரிட்டயர்டு ஆயிட்டேன் கலியமூர்த்தி. நீங்க ஷிப்ட் ஆபீசுக்கு அடிங்க."

"அவனுங்க கெடக்கிறானுங்க சார். எடுக்கவே மாட்றானுங்க. உங்ககிட்டச் சொன்னா ஒரு திருப்தி."

கம்பெனியில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்கு, ஓய்வுக்குப் பிறகு மறக்காமல் போன் செய்தவர் கம்பெனியின் எதிரி ஒருவர்தான். வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசுவார். நாற்றத்தில் தொடங்கி, கடைசியில் அந்த சனிக்கிழமைக்கு வருவார். "அன்னிக்கு நீங்க ஒரு உசுரக் காப்பாத்துனீங்க சார். நீங்க யோசிச்சு என்னக் கூப்புட்டீங்க பாரு, அங்கதான் சார் நிக்குறீங்க." நான் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பேன். வைத்த பிறகு நாள் முழுக்க நெஞ்சு குளிர்ந்து கிடக்கும். நானும் அவருக்குச் சொல்வேன், உங்க மூக்கு இல்லன்னா அன்னிக்கு ஸ்டீபன் இல்ல. அவருக்கும் நெஞ்சு குளிரும். இப்படிப் பேசிப் பேசி அந்தக் கதையில் நாங்கள் இரண்டு பேரும் வளர்ந்துகொண்டே போனோம்.

ஒரு நாள் டாக்டருக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் அதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போது, "வெளி மூக்கு ஒண்ணு வேணும்னு நான் காலையிலயே சொன்னேன்" என்று ஒரு வரி வாயிலிருந்து வந்தது. வந்த பிறகு திக்கென்றது. காலையிலேயே சொன்னேனா? யாரிடம் சொன்னேன்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அடுத்த தடவை சொல்லும்போது அது நடந்த விஷயமாக ஆகிவிடும் என்று மட்டும் தெரிந்தது. என்னைத் தடுக்க யாரும் இல்லை. என் மனைவி இருந்திருந்தால் வாசலிலேயே "அப்படியே நில்லுங்க" என்றிருப்பாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளை நினைத்துக்கொண்டு, என் பெயரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் இருந்தேன்.

கேன்டீன் பையன்களை வருஷக்கணக்கில் மனசுக்குள் திட்டியிருக்கிறேன், தங்களுக்குள் பேசியே ஒரு கதையைக் கட்டிக்கொண்டார்கள் என்று. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், போனில். அப்படியென்றால் என் கதை நிற்கிறதா என்று பார்க்க ஒரே இடம்தான் இருந்தது. அந்தக் கதையால் எந்த லாபமும் இல்லாத, நஷ்டம் மட்டும் பட்ட ஆள்.

2012-ல் ஒரு நாள் சாயங்காலம் முதுநகரில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஸ்டீபன் வீட்டுக்குப் போனேன். முந்தின டிசம்பர் புயலில் பறந்த கூரைக்குப் பதிலாகப் புது ஷீட் போட்டிருந்தான். தலை நரைத்திருந்தது.

"வாங்க சார். வூட்டம்மா எறந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். வரணும்னு நெனச்சேன்."

சுவரில் அந்தப் புது நன்மைப் படம் மாட்டியிருந்தது. வெள்ளை கவுன், கையில் மெழுகுவர்த்தி, ஒரு பக்கம் அம்மா. இன்னொரு பக்கம் யாரும் இல்லை. அதற்கு நேர் எதிரே நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தான்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "ஸ்டீபன், அன்னிக்கு உனக்கு வாசன வந்துச்சா?"

"வரல சார்."

"கொஞ்சம்கூட?"

"கோயில் பக்கம் திரும்பிச் சொல்றேன். வரல." அவன் குரல் ஏறியது. "உங்களுக்கும்தான் வரல. நீங்க கேட்டுலேர்ந்து வரும்போது என்னா சொல்லிக்கிட்டு வந்தீங்க, ஞாபகம் இருக்குதா?"

"என்ன சொன்னேன்?"

"'வாய்யா, வந்து நல்லா மோந்து பாரு. நாத்தம் இல்லன்னா உன் மூக்க அறுத்து உன் கையிலயே குடுக்குறேன்'னு கத்திக்கிட்டே இழுத்தாந்தீங்க. தொட்டிக்குள்ள எனக்கே கேட்டுச்சு சார். பயலுங்க எல்லாம் சிரிச்சானுங்க."

நான் யோசித்து, பதமாகப் பேசி, ஹெல்மெட் வைத்து… இல்லை. அவன் சொன்னதும் என் தொண்டையே அதை நினைவுபடுத்தியது, அன்று ராத்திரி குரல் கட்டிப்போயிருந்தது. யோசனையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்த ஆளை அவமானப்படுத்தத்தான் உள்ளே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அவரு வாந்தி எடுத்தாரு. அதுக்கு அப்புறந்தான் உங்க மூஞ்சி மாறுச்சு. அதுவரைக்கும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னீங்க. சார், அந்த ஆளு காலையிலேயே சரக்குப் போட்டுட்டு வந்திருந்தாரு. வாந்தி வராம என்னா பண்ணும்?"

"அது எனக்குத் தெரியாது."

"கூடவே திங்குற நான் சொல்றேன், நாத்தம் இல்ல சார்னு. என்ன நம்பல. எவனோ ஒருத்தன் எடுத்த வாந்திய நம்புனீங்க." அவன் படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "அதான் சார் எனக்கு. வேற ஒண்ணுமில்ல."

நான் என்ன சொல்ல? உன்னை நம்பியதால்தான் அன்றைக்குக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன் என்றா? எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் நம்புவது ரொம்பச் சுலபமாக இருந்தது, அதுதான் ஆபத்து என்றா? சொன்னேன். முழுசாகச் சொல்ல வரவில்லை, தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இறங்கியிருந்தால் மத்தியானமே வீட்டுக்கு வந்திருப்பேன் என்றான். மீட்டர் பூஜ்யம் காட்டியது என்றான். நான் திருப்பிச் சொன்னேன், அவன் திருப்பிச் சொன்னான், இரண்டு பேருக்கும் குரல் ஏறியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒருவன் என்னோடு மல்லுக்கு நிற்கிறான், எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

தொட்டிக்குள் அன்று என்ன இருந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஆளை இறக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கட்சி. அதை அன்றைக்கு நான் அறிவால் செய்யவில்லை, கோபத்தால் செய்தேன். தம்பிகளா, தங்கச்சிகளா, நீங்கள் கோபத்தை நம்பி இருக்க வேண்டாம். எல்லாரும் சேர்ந்து "ஒண்ணுமில்ல" என்கிறபோது, அந்த ஒண்ணுமில்லையால் லாபம் இல்லாத ஒரு ஆளைத் தேடிப் பிடியுங்கள். அவர் உங்களைவிட நேர்மையானவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கலியமூர்த்தி நேர்மையானவர் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் கோணல் இந்தப் பக்கம் என்றால் அவர் கோணல் அந்தப் பக்கம் இருந்தால் போதும். அப்படி ஒரு ஆள் வீட்டில் இருந்தால், வாசலிலேயே நிறுத்தி வைத்தாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே ஸ்டீபனின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். படத்தில் இருந்த அதே முகம், உயரம் மட்டும் கூடியிருந்தது.

"யாருப்பா?"

"இவருதான். உன் புது நன்மைக்கு என்ன வரவுடாம பண்ணவரு."

"ஓ, அந்த சாரா?" அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபமே இல்லை. "வருசா வருசம் அப்பா இந்தக் கதையச் சொல்லும் சார். இவரு சொல்லுவாரு, நாங்க கேட்டுக்கிட்டு இருப்போம். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

"எங்கூட்டுக்காரி சாவுறதுக்குள்ள இன்னும் நூறு தடவ சொல்லுவேன்" என்றான் ஸ்டீபன். உள்ளேயிருந்து அவன் மனைவி ஏதோ பதிலுக்குத் திட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். நான் செய்தது தப்பு என்று வருஷா வருஷம் சொல்ல, அந்த வீட்டில் அவன் இருக்கிறான்.

அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் சட்டென்று துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்தினாள்.

"கம்பெனி நாத்தம் ஆரம்பிச்சிடுச்சுப்பா."

ஸ்டீபன் முகத்தைத் தூக்கி மோந்து பார்த்தான். "இல்லியே. உங்களுக்கு வருதா சார்?"

நானும் மோந்து பார்த்தேன். "இல்ல ஸ்டீபன். உப்பனாத்துச் சேறா இருக்கும்."

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.